முதல்ல நிக்கப் பழகுவோம்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்கு வசந்த காலம். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு என்று ஊர் நிறைந்துவிடும். எங்களுக்கு வசந்த காலம் என்றால் அது மாகாஸ்தோட்டை, ரதல்ல மலையேற்றப் பந்தயங்கள்தான். தேயிலை மலைக்கு நடுவில் வளைந்து போகும் பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக மேலே சீறும். யார் குறைந்த நேரத்தில் முடிவுக் கோட்டைத் தொடுகிறார் என்பதுதான் போட்டி. மாகாஸ்தோட்டையில் இது 1934இல் ஆரம்பித்தது. துரைமார் காலத்து விளையாட்டு. பாதை எங்கள் தோட்டத்துப் பாதை, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் லயத்துப் பிள்ளைகளும் நிறைய. ஸ்டியரிங் பிடித்தவர்களில் மட்டும் எங்கள் ஆட்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்ததால் எங்களில் பலருக்கு பழைய ஜப்பான் கார்கள் மேல் ஒரு பைத்தியம். பொக்ஸ் லான்சர், ட்ராட் சனி, பழைய சிவிக் என்று பெயர் சொன்னாலே கண் விரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்; தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. அதனால் நம்ம பசங்க கையில் ஒரு பழைய லான்சர் கிடைத்தால் அது வெறும் கார் இல்லை, ஒரு சொத்து.

அந்தச் சொத்துக்கு முதலில் என்ன செய்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் வண்டியைத் தலைகீழாகக் கட்டுகிறோம். ஓட வைக்கச் செலவழிக்கிறோம், நிக்க வைக்கச் செலவழிப்பதில்லை. மலையில் வாழ்கிற நாங்கள் இந்தத் தவறைச் செய்யவே கூடாது.

எங்களுக்கே நடந்த கதை ஒன்று. பந்தயம் பார்த்துவிட்டு நுவரெலியாவில் இருந்து நானுஓயா வழியாக ஹட்டன் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். நண்பன் ஒருவனின் லான்சர், உள்ளே நாலு பேர். வண்டிக்கு அப்போதுதான் அகலமான ரிம் போட்டு, ஸ்பிரிங் வெட்டிப் பதித்து, பெரிய சைலன்சர் மாட்டியிருந்தான். பார்த்து வந்த பந்தயம் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வேகமாகப் போய், கடைசியில் பிரேக் அடித்து, திருப்பி, மறுபடி வேகம். கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் நாற்றம் வந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அதற்கடுத்த வளைவில் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

நண்பன் பதறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறோம். மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்துக் கானுக்குள் ஒரு சில்லை விட்டு நிப்பாட்டினான். மறுபக்கம் பள்ளம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து பெடலை மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி பிரேக் பிடிக்கிறது!

மறுநாள் கராஜ் அண்ணன் பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவைக் காட்டினார். உள்ளே பிளேன்டீ நிறத்தில் கிடந்தது. "இது எப்படா மாத்தினது?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சைலன்சர் எந்தக் கடையில், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கியது என்று எங்கள் நாலு பேருக்குமே தெரிந்திருந்தது.

என்ன நடந்தது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். விஷயம் பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். வேகம் 40இல் இருந்து 60 ஆகும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. இது சமதரைக் கணக்கு. மலையில் இதோடு உயரமும் சேர்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டன் சுமார் 1,270. ஒரு தொன் எடையுள்ள கார் அந்த 600 மீற்றர் இறங்கும்போது விடும் சக்தி, அதே காரை 100 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 15 தடவை முழுசாக நிப்பாட்டும் சக்திக்குச் சமம். றம்பொடை வழியாக கம்பளை வரை இறங்கினால் கிட்டத்தட்ட 35 தடவை. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் உள்ளங்கை அளவு நாலு பிரேக் பேட், பின்னால் இரண்டு டிரம் மேல்தான் விழும்.

வெப்பம் ஏறினால் மூன்று இடத்தில் அடி விழும். ஒன்று, சாதாரண பேட் ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிமானத்தை இழக்கும். எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும். இரண்டு, பின்சில்லு டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். மூன்றாவதுதான் எங்களை விழுத்தியது: பிரேக் ஒயில் கொதித்தது. ஒயிலை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் பலம் சில்லுவரை போகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி வரும். குமிழியை அமுக்கலாம். பெடல் தரைக்குப் போகும், பிரேக் பிடிக்காது. ஆறினால் குமிழி அடங்கிவிடும், பிரேக் திரும்பி வரும். எங்கள் லான்சர் அரை மணி நேரத்தில் 'நல்லவன்' ஆனது இப்படித்தான்.

இங்கே மலையகத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை வரை தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அது 140க்கு இறங்கிவிடலாம். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. மழையும் பனியும் விடாத ஊரில், பல வருடம் மாற்றாத ஒயிலோடு, கஷ்டமான இறக்கங்களை நாங்கள் தினமும் இறங்குகிறோம். சாதாரண ஓட்டத்துக்கே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். பந்தயக்காரர் பலர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் மாற்றுவார்கள். காரணம் ஆடம்பரம் இல்லை, பயம். அந்தப் பயம் நல்ல பயம்.

சரி, பழைய லான்சர் ஒன்றை பந்தயப் பாதையில் ஓட்டும் அளவுக்குத் தயார் செய்ய ஆசை. கட்டுக்குருந்தையிலோ பன்னலையிலோ ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும், முடிந்தால் ஒரு சித்திரையில் மாகாஸ்தோட்டையில் ஏற வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் டயர். எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் கடைசியில் வண்டியை நிப்பாட்டுவது தரையைத் தொடும் அந்த நாலு கையகல ரப்பர்தான். கல் மாதிரி இறுகிப்போன பழைய டயர் மேல் விலை உயர்ந்த ரிம் போடுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்தது புது பிரேக் ஒயில், வெடிப்பு விட்ட ரப்பர் குழாய்களுக்குப் பதில் நல்ல குழாய்கள், சிலிண்டர் ரப்பர்கள். இவ்வளவும் ஒரு பெரிய சைலன்சரை விடக் குறைந்த செலவில் முடியக்கூடிய வேலை. படம் எடுத்துப் போட முடியாது, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

பிறகு பேட். இங்கே ஒரு எச்சரிக்கை. முழுப் பந்தயப் பேட் சூடானால்தான் பிடிக்கும். நுவரெலியாவில் விடியக்காலை மூடுபனிக்குள் வண்டியை எடுத்து முதல் வளைவில் மிதித்தால் அது சாதாரண பேட்டை விட மோசமாக இருக்கும். வீதியிலும் ஓட்டி எப்போதாவது பாதையிலும் ஓட்டும் வண்டிக்கு இடைப்பட்ட ரகம்தான் சரி.

அதன் பிறகுதான் பெரிய டிஸ்க். பஞ்சிகாவத்தைக்குப் போனால் மேல் மொடல் ஒன்றின் பெரிய டிஸ்க்கும் கலிப்பரும் கழற்றிய செட்டாகக் கிடைக்கலாம். பொருந்தினால் நல்லதுதான். காற்று போக இடைவெளி உள்ள தடித்த டிஸ்க் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் பிரேக் என்பது ஒரு குடும்பம் மாதிரி. ஒருவரை மாற்றினால் மற்ற எல்லோருக்கும் கணக்கு மாறும். கலிப்பர் பிஸ்டன் பெரிதானால் கூடுதல் ஒயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ள பெடல் ஆழமாகப் போகும். பின்சில்லுக்கு அளவுக்கு மீறிய பிரேக் போட்டால் ஈரத் தார் ரோட்டில் பின்சில்லு முதலில் பூட்டிக்கொள்ளும். பின்சில்லு பூட்டினால் கார் சுழலும். இந்தப் பழைய வண்டிகளில் சில்லு பூட்டாமல் பார்க்கும் கணினி எதுவும் இல்லை. அங்கே இருப்பது உங்கள் கால் மட்டும்தான்.

இப்போது ஸ்பிரிங் கதைக்கு வருவோம். இதில் எங்களுக்குக் கோபமே உண்டு. கட்டரை எடுத்து ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று வெட்டி வண்டியைப் பதிப்பது நம்ம ஊரில் ஒரு சடங்கு. "பதிஞ்சா வண்டி ரோட்டைப் பிடிக்கும் மச்சான்." பிடிக்காது. வெட்டிய ஸ்பிரிங் குட்டையாவதோடு இறுக்கமும் கூடும். அதை அடக்க பழைய ஷொக் அப்சோபருக்குப் பலம் இல்லை. சில்லு மேலே போய்வர இருந்த இடமும் குறைந்துவிட்டது. குழியும் மேடும் உள்ள தோட்டத்துப் பாதையில் வண்டி பந்து மாதிரி துள்ளும். துள்ளும் ஒவ்வொரு தடவையும் டயர் தரையை விடுகிறது. தரையில் இல்லாத டயருக்கு பிரேக் இருந்தும் இல்லாததுதான். இன்னொன்று, இந்த வகை முன்சில்லு அமைப்பில் வண்டியை அளவுக்கு மீறிப் பதித்தால் கீழ்க்கையின் சாய்வு கெட்டு, வளைவில் சரிவது குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். வடிவாகத் தெரியும், வளைவில் கெட்டுப்போகும்.

செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொறுமை வேண்டும். முப்பது நாற்பது வருடப் பழைய காரில் ரப்பர் புஷ் எல்லாம் பிட்டாகிப் போயிருக்கும். போல் ஜொயின்ட், டை ரொட், சில்லுப் பெயாரிங் எல்லாம் ஆடும். முதலில் அவை. பிறகு நல்ல ஷொக் அப்சோபர் நாலு. அதற்குப் பொருந்தும் ஸ்பிரிங், கொஞ்சமாகப் பதித்தால் போதும். கடைசியில் சில்லு நேர் பார்ப்பது. இவ்வளவும் முடித்த லான்சர் வெளியே இருந்து பார்த்தால் சாதாரண லான்சர் மாதிரித்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். எஞ்சின் வேலை? அது இதற்கெல்லாம் பிறகு.

"இதெல்லாம் காசு இருக்கிறவங்களுக்கு, நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பந்தயம் பணக்கார விளையாட்டுதான். ஆனால் நாங்கள் பேசுவது பந்தயத்தைப் பற்றி மட்டும் இல்லை. பந்தயம் மேலே ஏறுகிறது. எங்கள் வாழ்க்கை முழுக்க இறக்கம். பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஸ்கூல் வேன் இறங்குகிறது. கொழுந்து லொறி இறங்குகிறது. சில நேரம் அதே லொறிக்குப் பின்னால் ஆட்களும் நின்றுகொண்டு இறங்குகிறார்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, இன்னும் சிலர் எஞ்சினையே நிப்பாட்டிவிட்டு இறங்குகிறார்கள். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்காது. காரிலும் வேனிலும் எஞ்சினை நிப்பாட்டினால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவிப் பலமும் ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும். மிச்சம் பிடித்த பெற்றோல் ஒரு போத்தலா, அரைப் போத்தலா? அதற்கு இவ்வளவு விலையா?

ரதல்ல என்ற பெயரை பந்தய ரசிகர்கள் ஒரு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். மலையகம் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில், மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. ஏழு உயிர்கள் போயின. வேனில் இருந்த ஆறு பேர், முச்சக்கர வண்டி ஓட்டியவர். செங்குத்தான அந்த வீதி பெரிய வாகனங்களுக்கு ஏற்றதல்ல என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருந்து முதல் தடவையாக வருகிற சாரதிக்கு யார் சொல்வது? ஒரே பெயர். சித்திரையில் அங்கே கைதட்டுகிறோம். தையில் அங்கே அழுதோம். இரண்டையும் சேர்த்து யோசிக்க மட்டும் மறந்துவிட்டோம்.

பந்தயமே ஆபத்து என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. பாதை ஓரத்தில் மக்களை நிற்க விடுவதும், நாமாகவே போய் நிற்பதும் முடிய வேண்டும். ஆனால் பந்தயத்துக்குள்ளே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கோட்டுக்கு வருவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் பரிசோதிப்பார்கள். பிரேக், ஸ்டியரிங், சில்லு, பெல்ட், ஹெல்மட். தேறாத வண்டி ஓடாது. வீதியில்? கார் வரி அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் புகைப் பரிசோதனை கட்டாயம். பஸ், லொறிக்காவது தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. சொந்தக் காருக்கு பிரேக் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. புகை எப்படி என்று கேட்கிற நாடு, நிக்குமா என்று கேட்கவில்லை!

2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மாட்டிய அலங்காரங்களைக் கழற்றச் சொல்லி பொலிஸ் இறங்கியபோது எவ்வளவு வாதம் நடந்தது. பேஸ்புக் முழுக்க அதுதான். லைட்டுக்கும் ஹோர்னுக்கும் நாங்கள் கொடுத்த அந்தக் குரலில் பாதியாவது பிரேக்குக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மலையேற்றப் பந்தயம் நடத்துகிறவர்களிடம்: பரிசோதனை நடக்கும் நாளில் எங்கள் ஊர் மெக்கானிக் பசங்களையும் பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள். நாங்கள் தேயிலைச் செடிக்குள் நிற்பது போதும். இலங்கையின் திறமையான வண்டிகள் எங்கள் தோட்டத்துக்கே வருகின்றன; அந்தத் தொழில் அறிவும் கொஞ்சம் இங்கே தங்கட்டும். வீதிக்குப் பொறுப்பானவர்களிடம்: பெரிய இறக்கங்களின் தலையில், மூன்று மொழியிலும், "சிறிய கியரில் இறங்கவும்" என்று பெரிதாக எழுதுங்கள். வண்டியை ஓரம் கட்டி பிரேக்கை ஆறவிட இடம் கொடுங்கள். பள்ளிக்கூட வேன் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம்: தவணை தொடங்க முன் ஒரு தடவை நாலு சில்லையும் கழற்றிப் பாருங்கள்.

நம்ம பசங்களிடம் கேட்பதுதான் கஷ்டமானது. வீதியில் பந்தயம் ஓடாதே. ஓட ஆசை என்றால் அதற்குரிய பாதைக்குப் போ, ஹெல்மட் போடு, பரிசோதனைக்கு நில். இறங்கும்போது, அதே மலையில் ஏற எந்தக் கியர் தேவையோ அந்தக் கியரில் இறங்கு. பெடலில் காலை வைத்துக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்து. கருகல் நாற்றம் வந்தால் அது குப்பை இல்லை. நிப்பாட்டு.

எங்கள் நண்பனின் லான்சர் இப்போதும் ஓடுகிறது. வெட்டிய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டான். புது ஒயில், புது பேட், புது குழாய், நாலு ஷொக் அப்சோபர் என்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கி மாட்டினான். எட்டு மாதம் ஆனது. சைலன்சரை விற்ற காசும் அதற்குள் போனது. வண்டி கொஞ்சம் உயர்ந்துவிட்டது, சத்தமும் குறைந்துவிட்டது. டவுனில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவனுக்கு இன்னும் மனவருத்தம்தான். ஆனால் போன மாதம் அவனுடைய அம்மா முதல் தடவையாக அந்தக் காரில் ஏறி நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வந்தார். வருகிற வழியில் நானுஓயா இறக்கத்தில் தூங்கிவிட்டாராம்.